எண்ணெய் இல்லாத வடையும் ஒரு கட்டைவிரலும்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை. தட்டில் வைத்த மசால் வடையைத்தான் பார்த்தார். இதை அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை என்றாலும், கதவிடுக்கில் நின்ற என் தங்கை பார்த்திருக்கிறாள். அவர் இரண்டாவது வடையை எடுத்து முடித்துவிட்டு மூன்றாவதைத் தொடும்போது அவருடைய அக்கா தொடையில் கிள்ளினாளாம். பெண் பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு "நல்லா இருக்குது" என்றார். எதைச் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை, கல்யாணம் நடந்துவிட்டது.

அவருக்கு ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் தரம் பிரிக்கிற வேலை. ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிப் பதமாகி, காய்ந்து, வெளிறிய நிறத்தில் வந்து சேருகிற ஆட்டுத்தோலை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். மடக்குவார், கட்டைவிரலால் கழுத்துப் பக்கம் தடவிப் பார்ப்பார், அப்புறம் முதல் தரமா, இரண்டாம் தரமா, கழிவா என்று அடுக்குவார். அவர் கை வைத்துச் சொன்னால் முதலாளியே மறு பேச்சு பேச மாட்டார். வந்த வினை என்னவென்றால் வீட்டிலும் அதே புத்தி. தோசையைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டுவார். சப்பாத்தியை மடக்கிப் பார்ப்பார். என் தம்பிக்குப் பார்த்த பெண்ணைக்கூட "செகண்ட்ஸ்" என்று சொல்லி என் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஷாப்புக்கு எதிரே ஒரு டீக்கடை. அங்கே போடுகிற மசால் வடை ஊரில் பேர் போனது. அந்தச் சட்டியில் எண்ணெயை மாற்றியதாக எவரும் பார்த்ததில்லை. கறுத்துப்போன அந்த எண்ணெயில் வெந்தால்தான் அந்த ருசி வரும் என்று இவர் சொல்வார். காலையில் வேலைக்கு நுழையும் முன்பு வடை, சாயங்காலம் திரும்பும்போது வடை, ஞாயிற்றுக்கிழமை என் கையால் வடை. எங்கள் தெருவில் மற்ற ஆண்கள் சாராயத்துக்கு அடிமை, சீட்டுக்கு அடிமை. என் புருஷன் கடலைப்பருப்புக்கு அடிமை என்று நான் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக் கை கழுவ எழுந்தவர் விலாவைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். வாந்தி. வேர்வை. மறுநாள் கண் மஞ்சளாகிவிட்டது. ரயிலேறிக் காட்பாடி போய், அங்கிருந்து வேலூர் போய் ஒரு டாக்டரிடம் காட்டினோம். டாக்டர் நிதானமான மனிதர். பித்தப்பையில் கல் இருக்கிறது, எண்ணெயில் பொரித்தது எதையும் வாயில் வைக்கக் கூடாது, இந்த வலி திரும்பத் திரும்ப வந்தால் வயிற்றைத் திறந்து கல்லை எடுக்க வேண்டும், அலட்சியம் செய்தால் உயிருக்கே ஆபத்து என்று விளக்கமாகச் சொன்னார். இவர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "வடை சாப்பிடலாங்களா?" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

திரும்பி வரும்போது ரயிலில் அழுதேன். எனக்கு வயது இருபத்தாறு, இரண்டு பெண் குழந்தைகள். இந்த ஆள் போய்விட்டால் சோற்றுக்கு என்ன செய்வேன் என்பது ஒரு பயம். இந்த ஆள் இல்லாமல் வீட்டில் எப்படி இருப்பேன் என்பது இன்னொரு பயம். முதலாவதை அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் சொல்லி அழுதேன். இரண்டாவதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

வடையை நிறுத்தினால் இவர் ஒளிந்து தின்பார் என்று எனக்குத் தெரியும். அதனால் எண்ணெய் இல்லாமல் வடை சுடுவது என்று முடிவு செய்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது ஏதோ கோட்டையைப் பிடிக்கப் போகிறவள் போலச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன்.

முதலில் இட்லிப் பானையில் வைத்து அவித்தேன். பருப்பு, சோம்பு, வெங்காயம், கறிவேப்பிலை என்று எதிலும் குறை வைக்கவில்லை. தட்டில் வைத்ததும் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இன்னாமே இது?"

"வடை."

"யாரு சொன்னா?"

"நான்தான் சொல்றேன். துன்னுங்க."

"இத ஊறப்போட்டு இன்னும் காய வைக்கல போலக்குதே" என்று சொல்லி, ஈரத் தோலைத் திரும்ப அனுப்புகிற மாதிரி தட்டை என் பக்கமே தள்ளினார்.

அடுத்து தோசைக்கல்லில் தட்டிப்போட்டு வாட்டினேன். அது வடையா அடையா என்று தெரியாமல் கல்லோடு ஒட்டிக்கொண்டது. சுரண்டி எடுத்ததை "கழிவு" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார். பணியாரச் சட்டியில் உருட்டிப்போட்டுப் பார்த்தேன். வெளியே கருகி உள்ளே பச்சையாக இருந்தது. பிள்ளைகள் அதை வைத்துக் கோலி ஆடினார்கள். நான் பிள்ளைகளை அடித்தேன், பிறகு நானும் ஒன்றை உருட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் உருண்டது.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பாய் ரொட்டிக்கடை வைத்திருந்தார். பன்னும் வர்க்கியும் சுடுகிற பெரிய மண்ணடுப்பு. விடியற்காலையில் ரொட்டியை எடுத்த பிறகும் மதியம்வரை அதன் சூடு அடங்காது. அந்தச் சூடு வீணாகத்தானே போகிறது என்று ஒருநாள் மாவுப் பாத்திரத்தோடு போய் நின்றேன்.

"பாய், என் வூட்டுக்காரரு உசுரு உங்க கையிலதான் கீது."

"யா அல்லா, இன்னாக்கா ஆச்சி?"

"வடை சுடணும்."

பாய் நல்லவர். மேலும் எதுவும் கேட்காமல் ஒரு தட்டில் ரவை தூவிக் கொடுத்தார், ஒட்டாமல் இருக்க. முதல் ஈடு கருங்கல். இரண்டாம் ஈட்டைக் கடித்த பாய், பல்லைத் தடவிக்கொண்டே, இதற்குச் சோடா போடலாமா என்று யோசனை சொன்னார். கடைசியில் நானே கண்டுபிடித்தேன். மாவில் ஒரு கரண்டி தயிர் விட்டு, தட்டி, இட்லிப் பானையில் முக்கால் வேக்காடு அவித்து, ஆறவிட்டு, அப்புறம் பாயின் அடுப்புக்குள் தள்ளினால் மேலே மொறுமொறுவென்று சிவந்து, உள்ளே வடை மாதிரியே இருந்தது. ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. நான் ரொட்டிக்கடை வாசலிலேயே நின்று ஒன்றைத் தின்றுவிட்டுக் கண் கலங்கினேன். பாயின் பன்னில் சோம்பு வாசனை ஏறிவிட்டது என்று வாணியம்பாடியிலிருந்து வந்த ஒரு வாடிக்கைக்காரர் சண்டை போட்டார். பாய் அதையும் பொறுத்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் அவர் முன்னால் தட்டை வைத்துவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். எடுத்தார், வெளிச்சத்தில் பிடித்தார், உடைத்தார். வாயில் போட்டு மென்றார், மென்றுகொண்டே இருந்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"ஃபர்ஸ்ட் குவாலிட்டி" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காக ஒரு மாதம் பாடுபட்டிருந்தேன். விடுவேனா? தெரு முழுக்கச் சொன்னேன். எண்ணெய் இல்லாமல் வடை சுடத் தெரிந்தவள் இந்த ஆம்பூரில் நான் ஒருத்திதான் என்று குழாயடியில் நின்று பேசினேன். பெண்கள் வீட்டுக்கு வந்து பக்குவம் கேட்டார்கள். சர்க்கரை வியாதிக்காரர், மூலக்காரர், பல் இல்லாதவர் என்று எல்லோருக்கும் நான் வைத்தியம் சொல்ல ஆரம்பித்தேன். அவருடைய ஷாப்பு மேஸ்திரியின் பெண்சாதி மட்டும் உதட்டைப் பிதுக்கினாள். அவளுக்கு என்னைக் கண்டால் எப்போதுமே ஆகாது. தினமும் அவருக்கு ஒரு டப்பாவில் நாலு வடை கட்டிக் கொடுத்தனுப்பினேன். டப்பா காலியாகத் திரும்பி வந்தது. எனக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் வலி போகவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை விலாவைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவார். என் வடையில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். தேங்காயை நிறுத்தினேன். தாளிப்பை நிறுத்தினேன். குழந்தைகளுக்குக்கூட எண்ணெய் காட்டாமல் குழம்பு வைத்தேன், அதுகள் பக்கத்து வீட்டில் போய்ச் சாப்பிட்டன. அவர் படுத்திருக்கும்போது நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று அடிக்கடி பார்ப்பேன். பயத்தில் எனக்கும் சோறு இறங்கவில்லை. வேலூர் போகலாம் என்று கூப்பிட்டால், "நாளிக்குப் போலாம்" என்பார். அந்த நாளைக்கு வரவே இல்லை.

இப்படி இருக்கும்போது ஒருநாள் மேஸ்திரி பெண்சாதி வாசலில் வந்து நின்றாள். முகமெல்லாம் சந்தோஷம்.

"எண்ணெ இல்லாத வடை, எண்ணெ இல்லாத வடைன்னு ஊரெல்லாம் பீத்திக்கினியே. இப்ப உன் வடையால ஷாப்புல தோலே கெட்டுப்போச்சாம்."

விஷயம் இதுதான். முதல் தரத்துக் கட்டைப் பிரித்துப் பார்த்தபோது, தோல்களில் கழுத்துப் பக்கம் கறுப்பாக எண்ணெய்க் கறை இருந்திருக்கிறது. வெளிறிய தோல் எண்ணெய் பட்டால் உடனே குடித்துவிடும், அப்புறம் எதைப் போட்டாலும் போகாது. அதனால் தரம் பிரிக்கிறவர்கள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டுதான் தோலைத் தொடுவார்கள். அந்தக் கறை ஒரு கட்டைவிரல் அளவு. நடுவில் கோணலாக ஒரு கோடு. சின்ன வயதில் கத்தி பட்ட தழும்பு என் புருஷனின் கட்டைவிரலில் அப்படித்தான் ஓடும். முதலாளி கூப்பிட்டுக் கேட்டதற்கு இவர், "வூட்ல கட்டிக் குடுத்த வடைங்க" என்று சொல்லியிருக்கிறார்.

எனக்கு உச்சி மயிர் எரிந்தது. என் வடையிலா எண்ணெய்? பாவம், பயந்துபோய் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறார், மிஷின் எண்ணெய் எதையாவது தொட்டிருப்பார் என்று நினைத்தேன். என் வடை சுத்தம் என்று காட்டிவிட்டால் அவர்மேல் பழி இல்லை, வேலையும் தப்பிக்கும் என்று கணக்குப் போட்டேன். டப்பாவில் வடையை எடுத்துக்கொண்டு, சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, மத்தியான வெயிலில் ஷாப்புக்குப் போனேன். குடலைப் பிடுங்குகிற அந்த நாற்றம்கூட அன்று எனக்குத் தெரியவில்லை.

தரம் பிரிக்கிற கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். மேஸ்திரி, கூட வேலை செய்கிறவர்கள், ஒரு நாற்காலியில் முதலாளி. இவர் ஜன்னலோரம் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் தோல் நிறத்துக்கு வெளுத்தது.

"இன்னாம்மா, இவ்ளோ தூரம்?" என்றார் முதலாளி. பெரிய உடம்பு, மெதுவான பேச்சு. ஊரில் அவருக்கு நல்ல பெயர்.

"சாயபு, ஒரு தோல் குடுக்கச் சொல்லுங்க. கழிவுத் தோலா இருந்தாக்கூட போதும்."

கொடுத்தார்கள். மேசையில் விரித்து, என் வடையை நடுவில் வைத்து, தோலை மடக்கி மூடினேன். மேலே ஏதாவது பாரம் வையுங்கள் என்றேன். மேஸ்திரி எடைக்கல்லைத் தூக்கி வைத்தார். அது போதாது என்று நான் மேலே கையை ஊன்றி அழுத்தினேன். கூடமே வேலையை விட்டுவிட்டு அந்த மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரம் கழித்துப் பிரித்தோம். வடை தூளாகியிருந்தது. முதலாளி தூளைத் தட்டிவிட்டுத் தோலை வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு பொட்டுக் கறை இல்லை.

"மாஷா அல்லா" என்றார் முதலாளி.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மேஸ்திரியை ஒரு பார்வை பார்த்தேன், வீட்டில் போய்ச் சொல்லு என்கிற மாதிரி. அவர் தாடையைச் சொறிந்துகொண்டு, "அப்போ எண்ணெ எங்கேர்ந்து வந்துச்சி?" என்றார்.

அந்த நேரம் பார்த்து டீக்கடைக்காரர் முதலாளிக்கு டீ எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. ஜன்னலோரம் இவரைப் பார்த்ததும், "இன்னா மாமா, காலைலேர்ந்து ஆளையே காணோம்? உனுக்கு நாலு வடை எடுத்து வெச்சிகினு கீறேன், ஆறிப்போவுது" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. நான் இவரைப் பார்த்தேன், இவர் ஜன்னல் கம்பியைப் பார்த்தார். ஜெயித்த சந்தோஷம் அப்படியே வடிந்துபோனது. நான் தேங்காயையும் தாளிப்பையும் நிறுத்தி, பிள்ளைகளைப் பட்டினி போட்டு, படுத்திருப்பவர் நெஞ்சைப் பார்த்துக் காத்துக்கிடக்க, இந்த ஆள் அந்தக் கறுப்பு எண்ணெயைத் தினமும் வயிற்றில் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார். ஒளிந்து தின்கிற அவசரத்தில் கையைக்கூடக் கழுவவில்லை. அவரோடு வேலை செய்கிறவர்கள்தான் என் டப்பாவைக் காலி செய்திருக்கிறார்கள்.

முதலாளி டீயைக் குடித்து முடித்தார். "வேலைய வுட்டு எடுக்க மாட்டேன்" என்றார் இவரிடம். "ஆனா வேலூர் போயி வயித்த சரி பண்ணிகினு வர்ற வரைக்கும் என் தோல்மேல கை வெக்கக் கூடாது. போ." அவ்வளவுதான்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில் நான் வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். ரயில்வே கேட்டில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தெருமுனை வந்ததும் நின்றார்.

"கத்தி பட்ட தோல எப்பவும் கீழ் தரத்துலதாமே போடுவேன். எவ்ளோ நல்ல தோலா இருந்தாலும், கத்தி பட்டா போச்சி. என்னிய கத்திக்குக் குடுக்கச் சொல்றியே. பயமா கீது. சாவத்தான் போறேன்னா துன்னுட்டே சாவறேன்னு இருந்துட்டேன்."

அதற்கு மேல் திட்டத் தெம்பு இல்லை. சின்னவளை அவர் கையில் கொடுத்தேன். தூக்கிக்கொண்டு நடந்தார்.

வேலூரில் ஆபரேஷன் என்று முடிவானதும் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள். ரொட்டிக்கடை பாய் தர்காவிலிருந்து தாயத்து கொண்டு வந்தார். நாத்தனார் விபூதி கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் ஒரு நர்சம்மா கையைப் பிடித்து ஜெபம் செய்தாள். எதையும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்தச் சாமி கேட்டாலும் கேட்கட்டும், காரியம் ஆனால் சரி.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போகும்போது, கொஞ்சம் நிறுத்துங்கள் என்று கையைக் காட்டினார். என்னைக் கிட்டே கூப்பிட்டார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் என்னிடம் ஒரு பிரியமான வார்த்தை சொன்னதில்லை, இப்போது சொல்லப் போகிறார் என்று குனிந்தேன்.

"ஒண்ணு சொல்லணும்" என்றார். "போற நேரத்துல மனசுல வெச்சிகினு போவக் கூடாது. உன் வடை நல்லாவே இல்லமே. ஒருநாளும் நல்லா இல்ல. நீ அழுவியேன்னுதான் சொன்னேன்."

நர்சம்மா சிரித்துவிட்டாள். எனக்கு மண்டை வெடித்தது. அதுவரை அவரை நீங்க என்றுதான் பேசியிருக்கிறேன்.

"டேய், நீ வெளிய வா. வா, பேசிக்கறேன்" என்றேன். அவரும் சிரித்தார். கதவு மூடிக்கொண்டது.

வெளியே பெஞ்சில் மற்றவர்கள் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கும்பிட வரவில்லை. பருப்பு ஊறவைத்தது, பாயிடம் கெஞ்சியது, கையைச் சுட்டுக்கொண்டது எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லி மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே இருந்தேன். திட்டு நின்றால் பயம் வந்துவிடும் போல இருந்தது, அதனால் நிறுத்தவில்லை.

அவரை வெளியே கொண்டு வந்தபோது முகம் வெளுத்து, கண் மூடி, வாய் கொஞ்சம் திறந்திருந்தது. நான் கன்னத்தை அந்த வாய்க்கு அருகில் கொண்டுபோனேன். மருந்து வாடையோடு மூச்சு சூடாக வந்து பட்டது. அப்போதுதான் அழுதேன். யார் பார்க்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல், "நல்லா இல்லன்னு இன்னொரு தரம் சொல்லுங்க, சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டு அங்கேயே நின்றேன்.